மலைநாட்டில் ஒரு மரக்கலம்

ஒரு கல்லூரி தன் விழாவாண்டைக் கொண்டாடும்பொழுது நன்கொடைப் பட்டியல் ஒன்று உருவாதல் வழக்கம். வாயில் வளைவு, மேடைத் திரை, கேடயம், வெற்றிக் கிண்ணம் என்று அது நீளும். அன்பினால் தரப்படுவன ஆதலின் இவற்றுள் எதனையும் நாம் குறைகூற முற்படவில்லை. எனினும், இதுவரை எவரும் எழுதாத ஒரு பொருளை அப்பட்டியலிற் சேர்க்குமாறு விண்ணப்பிக்கவே இக்கட்டுரையை வரைகின்றோம். அப்பொருள் ஒரு மரவேலை வாங்கு. அதன்மீது எமது மாணாக்கர் ஆண்டுதோறும் ஒரு சிறு மரக்கலத்தை அடிமரம் முதலாகத் தாமே கட்டி, வானலையால் இயக்கி, நீரில் விடுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

தமிழாசிரியர்க்குக் கப்பலோடு என்ன வேலை என்று நகைப்போர் உளர். கண்டியிலிருந்து கடல் எத்துணைத் தொலைவு என்று வினவுவோரும் உளர். இரண்டாவது வினாவுக்கு முதலில் விடை கூறுவோம்.

ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807 ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய நம் வாவியிலிருந்து வழியும் நீர், மெத எல என்னும் ஓடையாய் நகரினூடே சென்று கெட்டம்பேயில் மகாவலி கங்கையோடு கலக்கின்றது. பொல்கொல்லை அணை 1976 ஆம் ஆண்டு முதல் அதில் ஒரு பகுதியை வடக்கே திருப்பிவிடுகின்றது. எஞ்சியது மலைகளைச் சுற்றி இறங்கித் திருகோணமலையின் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. இது நீரின் கதை. மனிதரின் கதையும் உண்டு. எம் மாணாக்கருட் பலருடைய பாட்டன் பூட்டியர் இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காடுகளினூடே கால்நடையாய் மாத்தளை வழியே இம்மலைகளுக்கு வந்தவர்கள். அவர்கள் கடந்த கடலை இன்றும் அவர்தம் பேரப்பிள்ளைகள் பாடநூற் படத்தில் மாத்திரமே காண்கின்றனர். கப்பல் மலைநாட்டார்க்கு அந்நியம் என்று கூறுதல் பொருந்தாது.

இனி, ஈழத் தமிழர் கட்டிய ஒரு கப்பலைப் பற்றி எமது மாணாக்கர் எத்துணைப் பேர் அறிவர்? வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 89 அடி நீளமுடையது. உலகைப் பாய்ப்படகிற் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கி, தம் மனைவியார் பெயரால் ‘புளோறன்ஸ் சி. றொபின்சன்’ எனப் புதுப்பெயரிட்டார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமியர் சிலரும் அதனைச் செலுத்திச் சென்று, 1938 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். வேப்பமரமும், கைவாளும், உளியும் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்த வரலாறு இது. இச்செய்தியைத் தமிழ்ப் பாடவேளையிற் சொன்னபோது பிள்ளைகள் வியந்தனர். அடுத்த வாரம் வினவியபோது பாதிப்பேர் மறந்துவிட்டனர். வாயாற் சொன்னது காதளவிலே நின்றுவிட்டது.

ஆகவே சென்ற ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் நால்வரைக் கொண்டு, விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு, பாடசாலை முடிந்த பின்னர் ஒரு கலம் கட்டத் தொடங்கினோம். அன்னபூரணியையே கட்டவேண்டும் என்று பிள்ளைகள் வேண்டினர். முப்பதில் ஒரு பங்காகச் சுருக்கினால் மூன்றடி நீளம் வரும். கேட்பதற்கு எளிது. ஆனால் விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். நீளத்தை முப்பதில் ஒன்றாக்கினால் எடை 27,000 இல் ஒன்றாகின்றது. பாயைத் தள்ளிச் சாய்க்கும் காற்றின் ஆற்றல் நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. கலத்தை நிமிர்த்தும் ஆற்றலோ நான்காம் அடுக்கைப் பொறுத்தது. எனவே, அதே காற்றில் அச்சிறு கலம் கவிழ்வதற்கான ஏது முப்பது மடங்கு மிகும். கடலில் நிமிர்ந்து நின்ற கப்பலை உள்ளவாறே சுருக்கினால் குளத்திற் கவிழும்! அடியில் ஆழமாக ஒரு தகடும் அதன் நுனியில் ஈயமும் பொருத்தினாலன்றி அது நிற்காது. மேலும், மலைகளுக்கிடையே அகப்பட்ட நீர்நிலையிற் காற்று ஒரு திசையில் நிலைத்து வீசுவதில்லை. ஆதலின் முதற்கலம் மோட்டாரால் ஓடுவதாகட்டும், பாய்க்கலம் பிறகு ஆகட்டும் என்று முடிவு செய்தோம். பிள்ளைகள் முகம் வாடினர். எனினும் அக்கணக்கை அவர்கள் மறக்கவில்லை.

கலத்தின் நீளம் 75 சென்ரிமீற்றர், அகலம் 20, நீருள் அமிழும் ஆழம் 5. இம்மூன்றையும் பெருக்க 7,500 கன சென்ரிமீற்றர். கலம் பெட்டியன்று, முன்னும் பின்னும் ஒடுங்குவது. ஆதலின் அதிற் பாதியைக் கொள்ள 3,750. அவ்வளவு நீரின் எடை மூன்றே முக்கால் கிலோ. மரம், மோட்டார், பற்றரி, வார்னிசு யாவும் சேர்ந்து அந்த எடைக்குள் அடங்கவேண்டும். ஆர்க்கிமிடீசின் விதியை நால்வரும் முன்னரே மனனஞ்செய்து புள்ளி பெற்றவர்கள்தாம். ஆயினும், அதனை நம்பித் தராசில் ஒவ்வொரு பலகையையும் நிறுத்தது அப்பொழுதுதான்.

மரத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். முன்னாளில் மலைநாட்டில் தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகைக்குப் பஞ்சமில்லை. இப்போது தேயிலை பெரும்பாலும் கடதாசிப் பைகளிற் போவதால் அப்பலகை அரிதாயிற்று. எமக்கு ஒரு பழைய பெட்டி கிடைத்தது. அதிலிருந்து குறுக்குச் சட்டங்களை வெட்டினோம். மேற்பலகைக்குச் சிங்களத்தில் லுனுமிதெல்ல எனப்படும் மலைவேம்பு. பாரமற்றது, நீரைத் தாங்குவது. தென்னிலங்கை மீனவர் தம் தோணிகளின் மிதப்புக்கட்டைக்கு அதனையே நாடுவர். அன்னபூரணிக்கு வேம்பு, எம் கலத்துக்கு மலைவேம்பு என்று ஒரு மாணவன் பெருமை பேசிக்கொண்டான். அவ்விரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பின்னர் அவனே தேடிக்கொண்டு வந்தான்.

பலகை போர்த்தும் வேலையே கட்டுமானத்தின் உயிர்நிலை. கண்காணித்த எமக்கே அது புதுப்பாடமாயிற்று. சம அகலமான கீற்றுகளை அடுக்கிக்கொண்டு போனால் நடுப்பகுதி நன்றாய் மூடும். முனைகளிலோ கீற்றுகள் ஒன்றன்மேலொன்று ஏறி நெருக்கும். ஏனெனில் கலத்தின் சுற்றளவு நடுவில் அதிகம், நுனியிற் குறைவு. ஒவ்வொரு கீற்றையும் இரு முனைகளிலும் சீவுளியால் ஒடுக்கவேண்டும். எவ்வளவு ஒடுக்குவது என்பதை ஒவ்வொரு சட்டத்திலும் அளந்து வகுத்துக் காணவேண்டும். கொதிநீரில் ஊறவைத்த கீற்றை வளைத்துப் பசையிட்டு, துணி உலர்த்தும் கிளிப்புகளாற் பற்றி, மறுநாள்வரை காத்திருக்கவேண்டும். வலப்பக்கத்தில் ஒன்று ஒட்டினால் இடப்பக்கத்திலும் ஒன்று ஒட்டவேண்டும். ஒரு பக்கத்தையே முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் அடிமரம் முறுகிவிடும். அவசரக்காரனை அந்த அடிமரம் தண்டிப்பதுபோல எந்த ஆசிரியரும் தண்டிக்க இயலாது.

வானலையைப் பொறுத்தவரை ஒரு செய்தி. தூரத்திலிருந்து வானலையால் ஆளப்பட்ட முதற்கருவிகளுள் ஒன்று ஒரு சிறு படகே. நிக்கொலா தெஸ்லா 1898 ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் அதனை மக்கள்முன் ஓட்டிக்காட்டி, அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் நாள் காப்புரிமையும் பெற்றார். 64 இன் கனமூலம் யாது என்று ஒருவர் படகை நோக்கிக் கேட்க, அதன் விளக்கு நான்கு முறை மின்னியது என்று சொல்லப்படுகின்றது. நம் நாட்டிலோ 1923 ஆம் ஆண்டு எட்வேட் ஹாப்பர் கொழும்பில் நடத்திய வானொலிப் பரிசோதனைக்கான கருவி, கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டு அமைந்தது என்பர். வானலைக்கும் கலத்துக்கும் உள்ள உறவு பழையது. இக்காலக் கருவிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹேட்ஸ் அலை நீருட் செல்லாது. ஆதலின் வாங்கியின் கம்பியை நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பொருத்தினோம்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை? ஏரா என்றால் என்ன, வங்கு என்றால் என்ன, அணியம் என்றால் என்ன என்று பரீட்சையில் எவரும் கேட்பதில்லை. அகராதியில் அவை உறங்குகின்றன. அடிமரத்தைக் கையில் ஏந்திய பிள்ளை, “இதற்குப் பெயர் என்ன சேர்?” என்று கேட்டபோது ஏரா என்றோம், அதிலிருந்து விலாவெலும்புபோல் எழும் சட்டத்தை வங்கு என்றோம், முன்முனையை அணியம் என்றோம். மூன்றாம் நாளில் நால்வரும், “வங்கில் அரத்தாள் போடு,” “அணியத்தைப் பிடி” என்று தம்முள் ஏவிக்கொண்டனர். இருபதாண்டு ஆசிரியத் தொழிலில் ஒரு சொற்பட்டியல் இவ்வளவு விரைவாக வாழ்வு பெற்றதை நாம் கண்டதில்லை. சுக்கான் அரபியர் தந்தது, நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. கடலோடிய இனத்தின் மொழியிற் பல துறைமுகத்துச் சரக்கும் இருத்தல் இயல்பே. சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரைப் பிள்ளைகள் சேர்வோ என்றே அழைத்தனர்; நாமும் தடுக்கவில்லை.

எதிர்ப்பு வராமலில்லை. கொழுந்து பறிக்கும் ஒரு தாய் எம்மிடம் வந்து, “எங்க கை பட்ட பாடு போதும் சேர், பிள்ளையாவது பேனை பிடிக்கட்டும்” என்றார். இதற்கு எளிதாக விடையிறுத்துவிட முடியாது. நான்கு தலைமுறை பிறர் ஏவலுக்கே கை வருந்திய குடும்பத்தில் அச்சொல் நியாயமானது. நாம் அவரை அழைத்துச் சென்று அவர் மகன் வரைந்த வரைபடத்தைக் காட்டினோம். அதில் ஒவ்வொரு வங்கின் அளவும், அதற்கான கணக்கும் இருந்தன. அவர் நெடுநேரம் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை. ஆனால் மறுவாரமும் மகன் வந்தான்.

பரீட்சை என்னாகும் என்போர்க்கு விடை எளிது. உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013 ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. அதற்குச் செல்லவுள்ள பிள்ளை அரத்தையும் உளியையும் முன்னரே அறிந்திருத்தல் நட்டமன்று. எம்மிடம் பயின்று பேராதனைப் பொறியியற் பீடம் சென்ற பழைய மாணவர் ஒருவர், முதலாண்டுப் பட்டறையில் அரத்தை எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் நின்றதைக் கூறினார். அவர் மூன்று பாடங்களிலும் சிறந்த புள்ளி பெற்றவர்.

கடையில் ஆயத்தமான படகு கிடைக்குமே என்பாரும் உண்டு. கிடைக்கும். வாங்கிய அன்றே ஓடும்; பழுதுற்றால் திருத்துவார் இல்லை. எம் கலம் ஒரு தோட்டத்துக் குளத்தில் இறங்கிய அன்று இடப்பக்கம் சரிந்தது. நால்வரும் கலங்காமல் மூடியைத் திறந்து, பற்றரியை இரண்டு விரற்கடை வலப்பக்கம் நகர்த்தினர், நிமிர்ந்தது. தாம் கட்டியதன் உள்ளே எது எங்கே உள்ளதென்று அவர்களுக்குத் தெரியும்.

செலவைப் பற்றிச் சங்கத்தார் அஞ்சவேண்டா. 2022 ஆம் ஆண்டில் எமது ரூபாய் வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருளின் விலை ஏறியது உண்மையே. எனினும் அனுப்பும் கருவி, வாங்கி, மோட்டார், சேர்வோ ஆகியவற்றை ஒருமுறை வாங்கினால் ஒரு கலத்திலிருந்து கழற்றி அடுத்த கலத்திற் பொருத்தலாம். பற்றரி மட்டும் தீப்பற்றக்கூடிய லிதியம் வகையாக இல்லாமல் நிக்கல் வகையாக இருக்கட்டும். அதன் பாரமும் அடிநிறைக்கு உதவும். வாவியிற் கலம் விடுவதாயின் உரியவர்களிடம் அனுமதி பெற்றே விடவேண்டும். கிடைக்காவிடின் தோட்டத்துக் குளம் இருக்கவே இருக்கின்றது.

ஆகவே வாங்கு ஒன்று, இறுக்கி ஆறு, சீவுளி இரண்டு, உளி ஒரு தொகுதி, அனுப்பியும் வாங்கியும் ஓரிணை என்று விழாப் பட்டியலின் அடியில் எழுதிக்கொள்ளுமாறு பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றோம். மலைவேம்பை நாமே தேடித் தருவோம். மூன்றடி அன்னபூரணிக்கான வரைபடத்தைப் பிள்ளைகள் இப்பொழுதே தொடங்கிவிட்டனர். அடித்தகட்டில் எவ்வளவு ஈயம் கட்டுவது என்பதில் நால்வருக்கும் இன்னும் உடன்பாடில்லை.