பொறியும் ஸ்டென்சிலும்

சொற்களுக்கும் குலமுறை உண்டு. லத்தீன் மொழியில் தீப்பொறிக்கு ‘ஸ்கின்டில்லா’ என்று பெயர். ஆங்கிலேயர் அதனைச் ‘சின்டில்லா’ என உச்சரித்து, ‘அணுவளவு’ என்னும் பொருளில் ஆள்கின்றனர். விண்மீன் மினுக்குவதைக் குறிக்கும் ‘சின்டிலேஷன்’ அதன் புதல்வி. இவை படித்தோர் நாவில் வாழ்பவை.

அதே சொல் பாமரர் வாயிலும் புகுந்தது. தசையை நாம் சதை என்பது போல, எழுத்துகள் இடம் மாறிப் பழைய பிரெஞ்சில் ‘எஸ்தென்செல்’ ஆயிற்று. அதிலிருந்து ஆங்கிலத்தில் பிறந்தவர் இருவர். ஒருவர் ‘டின்சல்’, சார்மினார் அருகே லாட் பஜாரில் நம் பெண்மணிகள் பேரம் பேசி வாங்கும் ஜிகினாவேதான். மற்றவர் ‘ஸ்டென்சில்’. பளிச்சிடும் வர்ணங்களால் பொறி பறந்தாற்போல் அலங்கரித்தல் என்பது அதன் பழம்பொருள். பின்னர் அது வெட்டுத்தகட்டுக்குப் பெயராயிற்று. ரயில்வே சரக்கு வண்டிகளில் எண் தீட்ட உதவியதும், அலுவலகச் சுற்றறிக்கைகளைப் படியெடுக்க உதவியதும் இந்த ஸ்டென்சில்தான். கணிப்பொறி வந்ததும் பின்னது மறைந்தது.

கணிப்பொறி என்றோமே, அங்கும் பொறி! தமிழில் பொறி என்பது தீத்துகள், புள்ளி, முத்திரை, இயந்திரம், எலியைப் பிடிக்கும் கூண்டு, ஐம்புலன்களின் வாயில். பொறித்தல் என்றால் அடையாளமிடுதல். லத்தீனுக்கும் தமிழுக்கும் இதில் உறவு கற்பிப்பதற்கில்லை. ஆயினும் தீத்துகளைக் குறிக்கும் சொல் இரு மொழியிலும் எழுத்துப் பதிக்கும் தொழிலோடு சேர்ந்திருப்பது இன்பந் தருகிறது.

இந்த இன்பம் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு எட்டுகிறதா என்பதே என் கவலை. ஐதராபாத்தில் வளரும் பிள்ளை தமிழைக் காதால் கற்கிறது, எழுத்தால் கற்பதில்லை. பள்ளியில் பயிலும் தெலுங்கிலோ ‘பண்டி ற’ என்னும் வல்லின எழுத்து வழக்கொழிந்து, ஒரே ரகரம்தான் எஞ்சியுள்ளது. ஆகவே ‘தீப்பொரி’ என்று எழுதினால் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. சரஸ்வதி பூஜையில் படைக்கும் பொரியையும் அடுப்பில் தெறிக்கும் பொறியையும் அருகருகே காட்டி, தாயோ தந்தையோ ஒருமுறை எழுதிக் காண்பித்தால் போதும். இல்லையேல், சோழர் கொடியில் புலியைப் பொறித்தனர் என்பதற்குப் பதிலாக, அப்பளத்தைப் போல் அதனை எண்ணெயில் பொரித்துவிடுவார்கள்!