யுத்தகாலச் சிரிப்பும் நமது சினிமாவும்

சென்ற ஞாயிறன்று காஞ்சியில் பட்டுத்தறி நெய்யும் ஒரு தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் குழித்தறியில் உட்கார்ந்தபடியே, கைப்பேசியைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, "சபாபதி" படம் ஓட விட்டிருந்தார். அவருக்கு அறுபது வயதிருக்கலாம். பேரனுக்குப் பத்து வயது. இருவரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். அந்தப் படம் வெளிவந்தது 1941 டிசம்பரில். அதாவது ஜப்பான்காரன் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டு அமெரிக்காவை யுத்தத்துக்குள் இழுத்த அதே மாதத்தில். தாத்தாவே பிறக்காத காலத்துச் சிரிப்பு பேரனுக்கும் செல்லுபடியாகிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்?

அங்கே வந்திருந்த பக்தர் ஒருவர் உடனே காரணம் சொல்லிவிட்டார். "அய்யா, சண்டைக் காலத்தில் ஜனங்களுக்குக் கஷ்டம். கஷ்டத்தை மறக்கக் கொஞ்சம் கோமாளித்தனம். இதிலே என்ன ஆராய்ச்சி? அந்தக் காலத்தில் நிலைத்து நின்றதெல்லாம் பக்திப் படந்தான். 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி ஓடவில்லையா?" என்றார்.

ஓடியது உண்மைதான். 1944 தீபாவளி சமயத்தில் சென்னை பிராட்வே தியேட்டரில் ஆரம்பித்த அந்தப் படம் 1946 தீபாவளியையும் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. ஆனால் அதை ஓட்டியது பக்தியென்றால், அதே பக்தி வழிந்தோடும் படங்கள் அந்த நாளில் டஜன் கணக்கில் வந்தனவே, பகவான் அவைகளை ஏன் மூன்று தீபாவளி ஓட்டவில்லை? பாகவதருடைய பாட்டு ஒரு காரணம். அந்தப் படத்தில் என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் இருந்தார்கள் என்பது இன்னொரு காரணம். இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. படம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் பெரும்பகுதி, பாடியவரும் சிறையில் இருந்தார், சிரிக்க வைத்தவரும் சிறையில் இருந்தார். திரையில் ஹரிதாஸைக் காப்பாற்றிய சாமிக்கு அவர்களைக் காப்பாற்ற மூன்றாவது தீபாவளிக்குள்ளும் ஒழியவில்லை.

நிற்க, "மறக்கத்தான் சிரித்தார்கள்" என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். அப்போது மறக்க வேண்டியது நிறைய இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. 1942 ஏப்ரலில் ஜப்பான் படை வந்துவிடுமென்று சென்னைப் பட்டணமே காலியாயிற்று. வெளிநாட்டிலிருந்து பிலிம் வருவது சுருங்கவே, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாதென்று சர்க்கார் உத்தரவு போட்டது. நிமிஷத்துக்கு 90 அடி வீதம் கணக்குப் பார்த்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவு முழுவதும் பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய அநியாயமாகத் தோன்றியிருக்கும். நம்மைக் கேட்டால், தமிழ்ப் படத்துக்கு எந்த விமர்சகரும் செய்யாத உபகாரத்தை அந்த உத்தரவு செய்தது என்போம்.

யுத்தப் பிரசாரத்துக்கென்றே படமெடுக்கும்படியும் முதலாளிகள் நெருக்கப்பட்டார்கள். "மானசம்ரட்சணம்", "பர்மா ராணி", "கண்ணம்மா என் காதலி" ஆகியவைகள் 1945-ல் அப்படி வந்தவைதான். அவைகளை இன்று எத்தனைபேர் கைப்பேசியில் தேடிப் பார்க்கிறார்கள்? யுத்தத்தை நேருக்குநேர் பேசிய படங்கள் யுத்தத்தோடு போயின. யுத்தமென்ற பேச்சே இல்லாத "சபாபதி" தறிமேட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெறும் மறதிதான் சரக்கு என்றால், மறக்க வேண்டிய யுத்தம் 1945-லேயே முடிந்துபோனதே, பிறகும் ஏன் அந்தச் சரக்கு விலை போகிறது?

அமெரிக்காவைப் பாருங்கள். யுத்த நாட்களில் ஹாலிவுட் முதலாளிகள் ஆட்டமும் பாட்டும் சிரிப்புமாகப் படங்களை வரிசையாக இறக்கினார்கள். அங்கே அப்போது பெண்களுக்குப் பட்டுக் காலுறை கிடையாது. பட்டும் நைலானும் பாரசூட்டுக்குப் போய்விட்டன. இங்கேயும் மைசூர்ப் பட்டு பாரசூட்டுக்குத்தான் போயிற்று என்பதால் காஞ்சித் தோழர்களுக்கு இந்தச் சங்கடம் சொல்லாமலே விளங்கும். அந்தப் படங்களில் பல இன்றும் உலகமெங்கும் விரும்பிப் பார்க்கப்படுகின்றன. பாட்டு நன்றாயிருக்கிறது, ஆட்டம் நன்றாயிருக்கிறது, நாமும் பார்த்து மகிழ்ந்ததுண்டு. ஆனால் அந்த மகிழ்ச்சியில் எதை மறந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

1942-ல் வந்த "ஹாலிடே இன்" என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போர்முனைச் சிப்பாய்கள் வீட்டை நினைத்து விரும்பிக் கேட்ட கிறிஸ்துமஸ் பாட்டு அதிலேதான் இருக்கிறது. அதே படத்தில் லிங்கன் பிறந்தநாளுக்கு ஓர் ஆட்டம் வருகிறது. அடிமைகளை விடுதலை செய்தவர் என்று லிங்கனைப் புகழ்ந்து பாடுகிறார்கள். பாடுகிற பிங் கிராஸ்பி என்ற வெள்ளைக்காரர் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு நீக்ரோ வேடத்தில் பாடுகிறார்! விடுதலை கொடுத்தவருக்குப் புகழ், விடுதலை பெற்றவனுக்குக் கேலி. பின்னாளில் சில தொலைக்காட்சி நிலையங்கள் வெட்கப்பட்டு அந்தப் பகுதியை வெட்டிவிட்டுக் காட்டின.

வேறொரு வகை வெட்டும் அங்கே இருந்தது. லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகியைப் பெரிய கம்பெனி ஒன்று சம்பளத்துக்கு அமர்த்தியது. 1943-ல் வந்த "தவுசண்ட்ஸ் சியர்" போன்ற படங்களில் அந்த அம்மையார் வருவார், ஒரு பாட்டுப் பாடுவார், போய்விடுவார். கதையில் யாரோடும் சம்பந்தமில்லை. ஏன் அப்படி என்றால், தென் மாகாணத்து வெள்ளையர் தியேட்டர்களில் அந்தப் பாட்டை மட்டும் கத்தரித்துவிட்டுப் படத்தைக் காட்டினால் கதை கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். ஹிட்லரின் இனவெறியை ஒழிக்கக் கப்பலேறிய அந்த நாட்டுப் பட்டாளத்திலேயே கறுப்பனுக்கு வேறு படைப்பிரிவு, வெள்ளையனுக்கு வேறு படைப்பிரிவு. அதை ஒழிக்க உத்தரவு பிறந்தது 1948-ல்தான். அக்கிரகாரத்தையும் சேரியையும் கட்டிக் காத்த நாம் அவர்களைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்க யோக்கியதை உடையவர்களல்ல என்பதும் வேறு விஷயம்.

இங்கே கலைவாணர் செய்தது இதற்கு நேர்மாறான வேலை. அவருடைய சிரிப்புப் பகுதியும் கதையோடு அதிகம் சம்பந்தப்படாமல் தனியாகத்தான் இருக்கும். கதை புராணமாயிருந்தாலும் சரி, ராஜா ராணியாயிருந்தாலும் சரி, அவரும் மதுரமும் தங்கள் குழுவோடு தங்கள் பகுதியைத் தாங்களே தயார் செய்து படத்தில் சேர்ப்பார்கள். அங்கே கழற்றுவதற்காகத் தனியாக வைத்தார்கள். இங்கே இதைச் சேர்த்தால்தான் படம் விலை போகுமென்று தேடி வந்து சேர்த்தார்கள். பணம் போட்டவன் புராணப் படந்தான் எடுத்தான். ஆனால் அதற்குள்ளேயே புராணப் புத்தியைப் பரிகசிக்கிற ஒரு பகுதியையும் தன் சொந்தச் செலவிலேயே வைத்து ஊரெங்கும் அனுப்பினான்.

காஞ்சியில் கோர்வைச் சேலை நெய்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நிறம் வேறு, ஓட்டம் வேறு. ஆனால் கோத்த இடத்தில் பிரிக்க முடியாது. அய்ம்பது வருஷங் கழித்து உடல் கிழிந்து போனாலும், ஜரிகைக் கரையை எடை போட்டு வாங்கிப்போக ஆள் தெருவில் வருகிறான். யுத்தகாலத்துப் புராணப் படங்கள் பலவற்றில் இன்று எடைக்கு விலை போகிற கரை கிருஷ்ணன் மதுரம் பகுதிதான்.

உண்மையை மட்டுமே பேசிச் சுடலை காத்தவன் கதையை உலகமே அழுது பார்த்ததென்றால், பொய்யே பேசுவதென்று விரதம் பூண்டவன் கதையை 1941-ல் "சந்திரஹரி" என்று நடித்துக் காட்டினார் கலைவாணர். அரிச்சந்திரன் கதையைத் திருப்பிப் போட்டால் எவ்வளவு அபத்தமோ, நேராக வைத்தாலும் அவ்வளவு அபத்தமே என்று பாமர மக்களுக்கு நூறு மேடைப் பேச்சால் புரிய வைக்க முடியாததை ஒரு சிரிப்பு புரிய வைத்துவிடுகிறது. இந்த நாடகத்தையும் "சபாபதி"யையும் எழுதிய பம்மல் சம்பந்த முதலியார் சுயமரியாதைக்காரர் அல்ல, ஜட்ஜாக இருந்தவர் என்பதையும் குறிப்பிட்டே ஆகவேண்டும். நல்ல சரக்கு எங்கே கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"சபாபதி"யில் என்ன இருக்கிறது? டி.ஆர்.ராமச்சந்திரன் பணக்கார வீட்டுப் பிள்ளை. காளி என்.ரத்தினம் அந்த வீட்டு வேலைக்காரன். இரண்டுபேருக்கும் ஒரே பெயர், ஒரே அளவு மூளை. எஜமான் பரீட்சையில் தேறாதவன். அவனுக்கு வாய்த்த மனைவிதான் படித்தவள். அவள் சொல்லிக்கொடுத்துத்தான் அவன் தேறுகிறான். நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது பேரன் கேட்டான்: "தாத்தா, ரெண்டு சபாபதியில் யார் பெரிய முட்டாள்?" தறிக்காரத் தோழர் மிதியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதாண்டா. ஒருத்தனுக்குச் சொத்து இருக்கு, அவ்வளவுதான்." பிறப்பினால் அறிவு வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வியாக்கியானம் நமக்குத் தெரியாது. சொத்துள்ள மூடனும், அவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாத வாத்தியாரும், அவனை விட அறிந்தும் அடங்கி நடக்க வேண்டியிருந்த பெண்ணும் நம் வீட்டிலும் தெருவிலும் இருக்கிறவரை அந்தச் சிரிப்பு பழசாகாது. மறக்க வைப்பதால் அல்ல, அடையாளங் காட்டுவதால்தான் அது நிற்கிறது.

இதனால் எல்லாச் சிரிப்பும் மேலானதென்று நாம் சொல்லுவதாக எண்ணிவிட வேண்டாம். பெரியார் மனிதனைப் பிடித்த அய்ந்து நோய்களில் சினிமாவையும் ஒன்றாகச் சேர்த்தார். அது மிகை என்று சொல்லுகிற தோழர்கள், நமது சினிமாச் சிரிப்பில் பாதி என்ன என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கட்டும். வேலைக்காரன் அறை வாங்கினால் சிரிப்பு. திக்கிப் பேசினால் சிரிப்பு. குண்டாயிருந்தால் சிரிப்பு. பெண் கறுப்பாயிருந்தால் கொட்டகையே அதிரும்படி சிரிப்பு. சிரிக்கிறவன் யார் என்று விளக்கைப் போட்டுப் பார்த்தால், அவனும் கறுப்பன்தான்! கரி பூசிய வெள்ளைக்காரனை நாம் கண்டிக்கலாம். ஆனால் கரி பூசத் தேவையில்லாத நாம் நம் நிறத்தையே பார்த்துச் சிரித்து டிக்கட்டுக்குப் பணமும் கொடுக்கிறோமே, இதற்கு என்ன பெயர் வைப்பது? வெட்டிவிட வேண்டுமென்றால் அங்கே ஒரு பாட்டு. இங்கே படத்துக்குப் படம் எத்தனை அடி வெட்டுவது?

கலைவாணர் 1944 டிசம்பரில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, தீவாந்தர தண்டனை பெற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947-ல் குற்றமற்றவராக வெளியே வந்தார். சிறைக்குப் போனவர் பக்திமானாகத் திரும்புவது சகஜம். இவர் திரும்பி வந்து செய்தது "கிந்தனார்". நந்தன் சிதம்பரம் போகத் துடித்து நெருப்பில் இறங்கினான் என்றது பழைய கதை. 1949-ல் வந்த "நல்லதம்பி"யில், கதாகாலட்சேபக் கோலத்திலேயே கலைவாணர் பாடிக் காட்டிய கிந்தன் பட்டணம் போகிறான், படிக்கிறான், அதிகாரியாய்த் திரும்புகிறான். அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர் நம் காஞ்சி அண்ணா. மூலக் கதையோ "மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்" என்ற 1936-ம் வருஷத்து ஹாலிவுட் சிரிப்புப் படம்! அமெரிக்கச் சரக்கு காஞ்சித் தறியில் ஏறினால் இப்படியும் நெய்யலாம்.

கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமம் போடுவதா தென்கலை நாமம் போடுவதா என்று கோர்ட்டு ஏறி வழக்காடிய ஊர் இது. இந்த ஊரில் சிரிப்புக்குச் சினிமா தேவையில்லைதான். ஆனாலும் 1957 தேர்தலில் அண்ணாவுக்காகக் கலைவாணர் இங்கே வந்து பேசியதாகப் பெரியவர்கள் இன்றும் ஒரு கதை சொல்லுகிறார்கள். அண்ணாவை எதிர்த்து நின்றவர் உள்ளூர் டாக்டர். கலைவாணர் மேடையேறி, அண்ணாவைப் பற்றி ஒன்றும் பேசாமல், அந்த டாக்டர் எவ்வளவு கைராசிக்காரர், எத்தனை ஏழைகளைப் பிழைக்க வைத்தவர் என்று அடுக்கிக்கொண்டே போனாராம். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் கேட்டாராம், இப்பேர்ப்பட்ட டாக்டரை நீங்கள் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் இங்கே உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, ஆகவே அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்பிவையுங்கள் என்று. அண்ணா ஜெயித்தார். டாக்டரைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் அந்த மேடையில் சொல்லப்படவில்லை.