பார்க்கிங்கில் தார் பெயர்வது ஏன்? கல்யாண மண்டபங்கள் ஆடி, புரட்டாசி, மார்கழியை தவறவிடக் கூடாது... காரணம் இதுதான்!

ஐப்பசி முகூர்த்தம். முந்தைய நாள் இரவு கொட்டிய மழையில் மண்டபத்தின் பார்க்கிங் குளமாக நிற்கிறது. தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் ஒருவர் பைக்கை விடுகிறார். பின்னால் கைக்குழந்தையோடு மனைவி. வண்டி சரிந்தால் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

உத்திரமேரூர் போன்ற ஊர்களில் கல்யாண மண்டபம், ரைஸ் மில், பெட்ரோல் பங்க் என எதைத் தொடங்கினாலும் வாசலில் பார்க்கிங் தேவை. 'ஒரு தடவை தார் போட்டாச்சு, இனி கவலையில்லை' என்ற நினைப்பில்தான் சிக்கலே தொடங்குகிறது.

தார் தளத்தின் முதல் எதிரி யார்?

தண்ணீர்தான். மேலே தெரியும் கறுப்புத் தளம் ஒரு குடை மாதிரி. வண்டியின் எடையை உண்மையில் தாங்குவது அதற்குக் கீழே இருக்கும் ஜல்லியும் மண்ணும். மேலே நூல் அளவுக்கு விரிசல் விட்டாலும் மழைநீர் அதன் வழியே உள்ளே இறங்கும். ஈரத்தில் ஊறிய மண் இளகிவிடும். அதன் மேல் வேன் ஏறினால் தளம் அமுங்கி உடையும். கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் அந்தப் பிடிப்பும் விட்டுப்போகும். இப்படித்தான் விரிசல் பள்ளமாகிறது.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அதற்கு முன்பே தென்மேற்குப் பருவத்தின் மாலை நேர இடிமழையும் உண்டு. ஏரிப் பாசனப் பகுதி என்பதால், வயலாக இருந்த களிமண் நிலத்தில் போட்ட பார்க்கிங் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும்.

வெயில் என்ன செய்யும்?

நாம் தார் என்று சொல்வது பிட்டுமென். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்த பிறகு மிஞ்சும் பொருள். சாலைப் பணிகளில் பரவலாகப் பயன்படும் விஜி-30 ரகம், குறைந்தது 47 டிகிரி செல்சியஸ் வரை இளகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில் கறுப்புத் தளத்தின் சூடு 60 டிகிரியைத் தொடும். பைக்கின் சைடு ஸ்டாண்டு தாருக்குள் புதைவது இதனால்தான்.

வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு, வருடங்கள் போகப் போக தாரின் பசை குறையும். கறுப்பு நிறம் சாம்பலாக வெளுக்கும். தளம் விறைத்து விரிசல் விடும். வெளுத்த நிறம்தான் முதல் எச்சரிக்கை.

எந்த மாதத்தில் என்ன வேலை?

ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. புரட்டாசியிலும் கல்யாணத்தைத் தவிர்க்கும் குடும்பங்கள் அதிகம். மண்டபம் காலியாக இருக்கும் இந்த மாதங்கள், மழைக்கு முன்பும் பின்பும் சரியாக அமைந்திருக்கின்றன.

• ஆடி: விரிசல் அடைக்கும் மாதம். விரிசலில் உள்ள மண், புல்லை நீக்கி, நன்றாகக் காய்ந்த பிறகே அடைக்க வேண்டும். மாலையில் மழை வரலாம் என்பதால் வேலையைப் பகலிலேயே முடிப்பது நல்லது. வெளுத்த தளத்துக்கு எமல்ஷன் பூச்சு கொடுக்கலாம். பழுப்பு நிறத்தில் இருக்கும் எமல்ஷன் முழுக்கக் கறுப்பாகி, இறுகிய பிறகுதான் வண்டியை விட வேண்டும்.

• புரட்டாசி: வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதாவது ஐப்பசி பிறந்த கையோடு. அதற்குள் வடிகாலில் உள்ள சருகு, வாழை இலை, பிளாஸ்டிக் கப்புகளை அள்ளிவிட வேண்டும். பத்து குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாலே எங்கே தேங்குகிறது எனத் தெரிந்துவிடும். 100 அடிக்குச் சுமார் 2 அடி சரிவு இருந்தால் தண்ணீர் நிற்காது.

• ஐப்பசி, கார்த்திகை: புதிதாகத் தார் போடும் காலமல்ல. பள்ளம் விழுந்தால், மழைக்காலத்துக்கு என்றே கிடைக்கும் குளிர் கலவையால் தற்காலிகமாக மூடலாம். அதுவரை பள்ளத்தைச் சுற்றித் தடுப்பு வைப்பது அவசியம்.

• மார்கழி: மழை என்ன சேதம் செய்தது எனக் கணக்கெடுக்கும் மாதம். மழை ஓய்ந்து அடித்தளம் காய்ந்திருந்தால் சிறிய ஒட்டு வேலைகளை அப்போதே முடிக்கலாம். முழுத் தளத்தையும் புதிதாகப் போடுவதென்றால் மாசிக்குப் பிறகு, முகூர்த்தம் குறைவாக இருக்கும் தேய்பிறை நாட்களே வசதி.

பள்ளத்தில் ஜல்லி கொட்டினால் போதாதா?

போதாது. நாலு வண்டி போனால் ஜல்லி சிதறிவிடும். பெயர்ந்த பகுதியை நல்ல தளம் வரும்வரை சதுரமாக வெட்டி எடுத்து, தூசியைத் துடைத்து, ஓரங்களிலும் அடியிலும் எமல்ஷன் தடவி, கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும்.

விஜி-30 தாரில் சூடான கலவை என்றால், தளத்தில் பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி சூடு இருக்க வேண்டும்; 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும் என்கின்றன மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிமுறைகள். வேறு எங்கோ ரோடு போட்டு மிஞ்சிய லோடு ஆறிப்போய் வந்தால் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் அது சரியாக இறுகாது, அடுத்த மழைக்கே பெயரும்.

ஜெனரேட்டர் பக்கத்தில் மட்டும் தார் கரைவது ஏன்?

டீசலும் பிட்டுமெனும் கச்சா எண்ணெய்க்குப் பிறந்தவைதான். சொட்டும் டீசல் தாரைக் கரைத்துவிடும். எனவே ஜெனரேட்டர் வைக்கும் இடம், டீசல் போடும் இடம் ஆகியவற்றில் கான்கிரீட் தளமே சரி. நெல் லாரிகளும் குவாரி லாரிகளும் நிற்கும் இடத்துக்கும் இது பொருந்தும். ஓடும் லாரியைவிட, வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் லோடு லாரியால் இளகிய தார் அதிகமாக அமுங்கும்.

இது உத்திரமேரூருக்குப் புதிதல்ல

முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற ஊர் இது. ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்றே தனிக் குழு இருந்தது. அதன் உறுப்பினர்களுக்குப் பதவிக்காலம் 360 நாட்கள். ஏரியை ஒருமுறை வெட்டினால் முடிந்தது என அந்தச் சபை நினைக்கவில்லை. வருடாவருடம் பார்க்க ஆள் போட்டது.

பார்க்கிங்குக்கும் அதே கணக்குதான். ஆடியில் ஒரு விரிசலை அடைக்க ஒரு டப்பா எமல்ஷனும் அரைநாள் கூலியும் போதும். அதை விட்டால், தை முகூர்த்தத்துக்குள் முழுத் தளத்தையும் பெயர்த்துப் போடும் செலவு வந்து நிற்கும். அதற்குள் யாரும் விழாமல் இருக்க வேண்டும்.