பொதுச்சொல் யாருக்கும் சொந்தமல்ல

திருவட்டாறு வட்டாரத்தில் தேன், தேங்காய் எண்ணெய், நேந்திரம் சிப்ஸ் ஆகியவற்றைச் சொந்தப் பெயரில் விற்க முனையும் உழவர்களே, லேபிள் அச்சடிக்கும் முன் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஐ.டி.சி. நிறுவனம் 2010-இல் யிப்பி நூடுல்ஸை 'மேஜிக் மசாலா' என்ற சுவையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2013-இல் நெஸ்லே நிறுவனம் தன் மேகி நூடுல்ஸில் 'மேஜிக்கல் மசாலா' என்ற சுவையை இறக்கியது. பெயர் தங்களுடையது என்று ஐ.டி.சி. வழக்குத் தொடுத்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 2020 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது. 'மேஜிக்' என்பது பொருளைப் புகழும் சொல், 'மசாலா' என்பது எல்லோரும் புழங்கும் சொல். இவற்றை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்றது நீதிமன்றம்.

இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், 'சுத்தமான தேன்', 'நாட்டு எண்ணெய்' என்று மட்டும் பெயர் வைக்கும் நாம் எதைக் காப்பாற்ற முடியும்? 'திருவட்டாறு தேன்' என்று வைத்தாலும் இதே சிக்கல்தான். ஊர்ப்பெயரும் பொதுச்சொத்து; அடுத்த தெருக்காரரும் அதையே அச்சடிக்கலாம். நீங்கள் பல ஆண்டு தரம் காத்துச் சேர்த்த நற்பெயரில், கலப்படச் சரக்கும் விலைபோகும்.

ஆகவே, பொருளின் குணத்தைச் சொல்லாத தனிப்பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பெயரில் வேறு யாரேனும் பதிவு செய்திருக்கிறார்களா என்பதை வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றித் தேடலாம். தனிநபரும் சிறுதொழில் நிறுவனங்களும் இணையவழியில் விண்ணப்பிக்க, ஒரு வகைப் பொருளுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஊரின் பெருமையைக் காக்க வேறு வழி உண்டு. அதுதான் புவிசார் குறியீடு. கன்னியாகுமரி மட்டி வாழைக்கு 2023-இல் அது கிடைத்தது. அது தனியொருவர் சொத்தல்ல. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ளும் ஒவ்வொரு உற்பத்தியாளருக்கும் உரியது.

வேளாண் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதிப்புக்கூட்டல் பயிற்சி தரும்போது, பாட்டிலில் அடைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பெயரைத் தேடிப் பார்க்கவும், விண்ணப்பிக்கவும் உழவருக்குக் கற்றுக்கொடுங்கள். விளைச்சலுக்கு வேலி போடும் நாம், பெயருக்கும் ஒரு வேலி போட வேண்டாமா?