வெய்யிலுக்கு போட் மாத்தச் சொன்ன கதை

அரியாலையில் எங்களில் ஒருத்தியின்ர வீட்டில் மூன்று கிழமையாக வாசிங் மெசின் சும்மா நின்றது. அந்த மூன்று கிழமையும் ஐந்து பேரின்ர உடுப்பைக் கிணத்தடியில் தோய்த்தது அவளின்ர அம்மா. திருத்த வந்த கொம்பனி ஆள் பத்து நிமிசம் பார்த்தார். திரையில் தண்ணி வெப்பநிலைப் பிழைக்கான குறி. "போட் பழுது. கொழும்பிலயிருந்து எடுக்கவேணும், 38,000 முடியும்" என்றார்.

அம்மா அப்பவே சொன்னா: "தம்பி, காலமை போட்டா ஓடுது. மத்தியானம் போட்டாத்தான் நிக்குது."

அவர் தலையாட்டிவிட்டு பில் புத்தகத்தை எடுத்தார். நாங்களும் அங்கதான் நின்றம். நாங்களும் காதில் போட்டுக்கொள்ளேல்லை. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு 'பெண்களின் அனுபவ அறிவு' எண்டு பத்துப் பக்கம் அசைன்மென்ட் எழுதுற ஆக்கள் நாங்கள்!

பிறகு விசயம் விளங்கினது கையேட்டைப் பிரிச்சுப் பார்த்த நேரத்தில்தான். ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே வருகிற தண்ணி அளவுக்கு மேல் சூடாக இருந்தால் அந்தக் குறி வரும், சுடுதண்ணிக் குழாயைக் குளிர்தண்ணி வாயில் மாறிப் பூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள், என்று ஒரு வரி. சுடுதண்ணிக் குழாய் இருக்கிற நாட்டுக்கு எழுதின வரி அது. எங்கட வீடுகளில் இருக்கிறது ஒரு குழாய்தான். ஆனபடியால் வந்தவர் நினைத்திருப்பார், இந்த வீட்டில் சுடுதண்ணியே இல்லை, அப்ப மெசின்தான் பொய் சொல்லுது, போட் பிழை என்று. கணக்கு சரி மாதிரித்தான் இருக்கு. மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணித் தாங்கி நிற்கிறதையும், அதிலயிருந்து வாற பைப் மேற்குச் சுவரில் வெய்யிலில் கிடக்கிறதையும் அவர் கணக்கில் எடுக்கேல்லை.

விஞ்ஞானபீட நண்பன் ஒருத்தனிட்ட வெப்பமானி இரவல் வாங்கினம். ஏப்ரல் மாதம், பின்னேரம் 2 மணி. மெசினுக்குப் போற பைப்பைக் கழட்டி முதல் சாடித் தண்ணியைப் பிடிச்சு அளந்தால் 51 பாகை. அடுத்த நாள் காலமை ஆறரைக்கு 28. மெசின் பொய் சொல்லேல்லை. சேலை, பட்டு போடுற மெல்லிய சுற்றில் தண்ணி இவ்வளவு சூடாக வந்தால் துணி கெட்டுப்போகும் என்று அது நின்றிருக்கு. எங்கட வெய்யிலைத்தான் அது பிழை என்று காட்டினது.

எல்லா வீட்டிலும் வெய்யில்தான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரேல்லை. தண்ணிச் சூட்டை அளக்கிறது ஒரு சின்ன உணரி. சூடு ஏற ஏற அதின்ர மின்தடை குறையும். அதை வாசிச்சுத்தான் போட் முடிவெடுக்கும். பிளக்கைக் கழட்டி, மெசினை ஆற விட்டு, மல்டிமீற்றரை அந்த உணரியின்ர இரண்டு முனையிலும் வைச்சு, கையால் பொத்திப் பிடித்தால் எண் மெல்ல இறங்கவேணும். அசையாமல் நின்றால் உணரி செத்துப்போச்சு. தண்ணி சூடாகவே மாட்டன் என்கிற மெசின் என்றால் ஹீற்றரைப் பாருங்கோ. 230 வோல்ற்றில் ஓடுற 2,000 வாற்ஸ் ஹீற்றருக்குத் தடை 26 ஓம் அளவில் வரும். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கு. யாழ்ப்பாணத்தில் இன்னொரு வில்லங்கமும் இருக்கு. எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணி. கேத்தலின்ர அடியில் வெள்ளையாகப் படியிற அதே கல்லு ஹீற்றரிலும் உணரியிலும் படியும்; பிறகு அளவு பிசகும். சித்திரிக் அமிலம் போட்டு உடுப்பில்லாமல் ஒருக்காச் சுடுதண்ணியில் ஓட விட்டால் பெரும்பாலும் கரையும். (அதோட குளோரின் பிளீச் கலந்து போடாதேங்கோ, நச்சு வாயு வரும்.) இவ்வளவும் பார்த்து முடிச்ச பிறகுதான் போட்டில் கை வைக்கவேணும். இங்க முதல் வார்த்தையே போட்!

வந்த ஆளைக் குற்றம் சொல்லி என்ன? அவருக்குக் குடுத்த பயிற்சியே அவ்வளவுதானாக்கும். எங்கட கோபம் வேற இடத்தில். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 இலிருந்து புதுசாக விற்கிற வாசிங் மெசினுக்கு உதிரிப்பாகம் குறைஞ்சது 10 வருசம் கிடைக்கவேணும், 15 வேலைநாளுக்குள் அனுப்பவேணும், பிழைக் குறிகளின்ர விளக்கத்தைத் திருத்துநர்களுக்குக் குடுக்கவேணும் என்று சட்டம். இந்தியாவில் 2022 டிசெம்பரில் அரசாங்கமே திருத்தும் உரிமைக்கென்று இணையத்தளம் திறந்தது. எங்கட நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் இருக்கு. லேபல், விலை, விற்பனை பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்கிற அதிகாரம் அந்தச் சபையிட்ட இருக்கு. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இலேயே அரசியலமைப்பில் எழுதியாச்சு. பிறகேன் கிணத்தடியில் குந்தியிருந்து தோய்க்கிற மனிசிக்கு அந்த ஒரு வரியைத் தமிழில் வாசிக்கக் கிடைக்கேல்லை?

'நாடு கிடக்கிற கிடைக்கு வாசிங் மெசினா பிரச்சினை' என்று சில தோழர்கள் கேட்கினம். கேட்கிற எல்லாரும் பெடியள். இந்த மூன்று கிழமையில் ஒரு சேட்டைத் தன்ர கையால் தோய்ச்சவர் யாராவது இருந்தால் அவரோட மட்டும் கதைப்பம்.

பொருளாதாரத் தடை இருந்த 90களில் இந்தக் குடாநாடு சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டது. மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓட்டினது. சோப்பில்லாத நேரம் பனங்காயில் உடுப்புத் தோய்ச்சவை. அந்த மணத்துக்கு மாடு வந்து கொடியில் காயிற உடுப்பைச் சப்பின கதை எல்லா வீட்டிலும் இருக்கு. அந்தக் கஸ்ரத்தைப் பெருமையாகச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் அப்ப ஒரு சாமான் பழுதானால் முதலில் அதைக் கழட்டிப் பார்த்தவை. இப்ப அதே வீட்டில் ஸ்குறூ டிரைவரைத் தொட்டால் 'வாறன்ரி போயிடும், விடு பிள்ளை' என்கினம். எங்கட வாறன்ரி முடிஞ்சு ஒரு வருசம் தாண்டியும் அந்தப் பயம் மட்டும் போகேல்லை.

கடைசியில் செலவு இவ்வளவுதான்: பைப்புக்கு மேல் சுத்த இரண்டு பழைய யூரியாச் சாக்கு, கட்டக் கொஞ்சம் கயிறு. மத்தியானம் போடவேண்டி வந்தால் முதல் ஒரு வாளித் தண்ணியைப் பிடிச்சு ஆற வைச்சு கத்தரிக்கு ஊத்திப்போட்டுத்தான் மெசினைத் திறக்கிறது. பிழைக் குறிகள் முழுவதையும் தமிழில் எழுதி மெசின் மூடியில் ஒட்டியிருக்கிறம். உங்கட வீட்டு மெசினின்ர கையேட்டைப் படம் பிடிச்சு அனுப்புங்கோ, அதையும் தமிழில் எழுதித் தருவம். அனுப்ப முதல், அது எந்த நேரத்தில் நிக்குது என்று உங்கட அம்மாவிட்ட ஒருக்காக் கேளுங்கோ.