மாடி ஒருவருக்கு, சூடு வேறொருவருக்கா?

சித்திரை பிறந்துவிட்டால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு காட்சியைக் காணலாம். இரவு பத்து மணிக்கு மேல் பாயும் தலையணையுமாகக் குடும்பங்கள் மொட்டை மாடிக்கு ஏறுகின்றன. வீட்டுக்குள்ளே மின்விசிறி சுற்றத்தான் செய்கிறது. ஆனால் அது வாரி வீசுவது அனல்!

சூரியன் மறைந்த பிறகும் வீடு ஏன் கொதிக்க வேண்டும்? காங்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடிக்கிறது. மாலையில் அந்த உஷ்ணத்தை மெல்ல மெல்லக் கீழே இறக்குகிறது. கடற்காற்றோ, பட்டணத்தைத் தாண்டி இங்கே வந்து சேர வெகு நேரமாகிறது.

முன்னோர் கண்ட வழி

அந்தக் காலத்து 'மெட்ராஸ் டெரஸ்' வீடுகளில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லை அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து நாள் கணக்கில் அடித்து இறுக்கினார்கள். அதற்கும் மேலே தட்டோடு பதித்தார்கள். உஷ்ணம் இத்தனையையும் கடந்து இறங்குவது எளிதா? சுவரின் உச்சியில் வெண்டிலேட்டர் வைத்து, மேலே எழும் சூடான காற்றுக்கு வழியும் விட்டார்கள்.

1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வேலைக்கு வந்தவர்களுக்காக வீடுகள் பெருகின. வெறும் தளத்தோடு நின்றுவிட்ட வீடுகளும், தகடு வேய்ந்த ஒற்றை அறைகளும் ஏராளம். இரவு ஷிப்டு முடித்து வந்து, நண்பகலில் தகட்டின் கீழ் படுக்கும் தொழிலாளிக்குத் தூக்கம் எப்படி வரும்?

செலவு யாருடையது?

பரிகாரம் பெரிய வித்தை அல்ல. தளத்துக்கு ஆண்டுதோறும் பங்குனியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். வசதி உள்ளவர்கள் சுண்ணாம்பு ஜல்லி போட்டு வெள்ளை ஓடு பதிக்கலாம். தகட்டு வீட்டுக்கு உச்சியில் காற்று வெளியேற வழியும், எதிர்ப்புறம் தாழ்வான ஜன்னலும் வேண்டும்.

ஆனால் மாடி வீட்டுக்காரருடையது; வேர்வையும் மின்சாரக் கட்டணமும் குடித்தனக்காரருடையவை! "வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இந்தச் செலவு எதற்கு?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் தளம் வெடிப்பதும், ஐப்பசி மழையில் ஒழுகுவதும் யாருடைய நஷ்டம்? தளத்தைக் காப்பது அவருடைய சொத்தைக் காப்பதுதான்.

தெலுங்கானா அரசாங்கம் 2023-ல் குளிர் கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. தமிழ்நாடு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று சொன்னால் மட்டும் போதுமா? வரைபடத்துக்கு அனுமதி தரும்போதே, "கூரைக்கு என்ன காப்பு? காற்றுக்கு என்ன வழி?" என்று கேட்க வேண்டும். வாடகை வீடுகளுக்கு இது கட்டாயமாக வேண்டும்.

வாடகை வாங்கும் கை, கோடைக்கு முன் ஒரு வாளி சுண்ணாம்பையும் எடுக்கட்டும். கீழே ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்கும்!