ஏவல் எம்மொழியில்?

ஒரு மொழி நிலைபெறுவதற்கு அம்மொழியில் பாட்டும் உரையும் பெருகுதல் மட்டும் போதாது. அம்மொழியில் வேலை நடைபெறுதல் வேண்டும். 'இதனை நீ செய்க; இன்ன நாளுக்குள் முடிக்க; இன்னாரொடு கூடிச் செய்க' என்னும் ஏவல் எம்மொழியில் பிறக்கின்றதோ, அம்மொழியே ஆளும் மொழி. ஏனைய மொழிகள் வீட்டு முற்றத்திலும் விழா மேடையிலும் ஒதுங்கி வாழ்வன. ஓலையிலும் ஏட்டிலும் வழங்கிய ஏவல் பின்னர்த் தாளுக்கு வந்தது. இன்று கைப்பேசித் திரைக்கு வந்துள்ளது. அவ்வேவலைச் சுமக்கும் கருவிக்குப் பணி மேலாண்மைச் செயலி என்று பெயர். அதனைத் தேர்ந்தெடுப்பது கடைத்தெருவில் விலை கேட்பது போன்ற சிறு செய்தி எனக் கருதித் தமிழர் பலர் வாளாவிருக்கின்றனர். அது சிறு செய்தியன்று.

இச்செயலியின் வேலை எளியது. ஒருவர்க்காயின், அவர் செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்தி உரிய நாளில் நினைவூட்டும். குழுவுக்காயின், எப்பணி எவரிடம் உள்ளது, எது முடிந்தது, எது தேங்கிக் கிடக்கின்றது என்பதனை எல்லார்க்கும் ஒருங்கே காட்டும். கூகுள், மைக்குரோசாப்டு நிறுவனங்களின் பணிப்பட்டியல்கள், திரெல்லோ, ஆசனா, சோகோ புராசெக்டுசு எனப் பல உள. இவற்றுள் எது சிறந்தது என ஒப்பிடும் ஆங்கில அட்டவணைகளும் பல உள. அவற்றில் விலை இருக்கும், தோற்றம் இருக்கும், தமிழில் எழுதித் தமிழில் வேலை செய்யும் குழுவுக்கு அது பயன்படுமா என்னும் கேள்வி இராது. அக்கேள்வியைத் தமிழர்தாம் கேட்டாகவேண்டும்.

மணியாச்சியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய வானம் பார்த்த நிலம் அது. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்பு, பருத்தி என்பன அங்கு விளைவன. கரிசல் காய்ந்தால் பிளக்கும். நனைந்தால் காலைப் பற்றும். உழுபொறி உள்ளே இறங்காது. ஆதலின் மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்துவிடும் வழக்கமும் அங்கு உண்டு. சில நாள் பிந்தினால் ஓராண்டு உழைப்புக் கெடும். விதை வாங்குதல், உழுபொறியை வாடகைக்குப் பேசுதல், ஆள் சேர்த்தல், காப்பீட்டுத் தொகையைக் கெடுவுக்குள் கட்டுதல் ஆகிய அனைத்தும் அச்சில நாள்களுக்குள் முடியவேண்டும். இருபது உழவர் கூடிய குழுவில், 'அவர் பார்த்துக்கொள்வார் என்று இவர் இருந்தார். இவர் பார்த்துக்கொள்வார் என்று அவர் இருந்தார்' என்பதனாலேயே பருவம் தவறுவதுண்டு. இத்தகைய குழுவுக்குப் பணிச்செயலி ஆடம்பரமன்று. ஏர் போலவே ஒரு கருவி.

ஒரு பணியை எப்படிக் குறித்தல் வேண்டும் என்பதற்கு மேலைநாட்டு மேலாண்மை நூல்களைத் தேடி அலையவேண்டா. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் ஒரு தொழிலுக்கு முதனிலை எட்டு என வகுத்துள்ளார். செயல், செய்பவன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, யார்க்காக, என்ன பயன் கருதி என்பன அவ்வெட்டு. எச்செயலியையும் திறந்து பார்க்க. 'யார் செய்வது', 'எப்பொழுதுக்குள்', 'எங்கே' எனக் கட்டங்கள் இருக்கும். அக்கட்டங்களின் இலக்கணத்தை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய மொழி முன்னரே கூறியிருக்க, அக்கட்டங்களை நிரப்பும் தமிழன் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நிரப்புகின்றான்?

இதனால் விளையும் கேடு மொழிக்கு மட்டும் உரியதன்று. எந்தக் காட்டில் ஈரம் நிற்கும், எந்தக் காடு முந்திக் காயும், எவ்விதை எம்மண்ணில் முளைக்கும் என்பவற்றை அறிந்தவர் ஐம்பது ஆண்டு உழுத முதியவர். பட்டியல் ஆங்கிலத்தில் அமைந்த அன்றே அவர் ஊமையாகின்றார். மண்ணறியாத, ஆனால் ஆங்கிலம் எழுதத் தெரிந்த இளைஞன் அவர்க்கு ஏவலனாகி நிற்கவேண்டிய இடத்தில் ஏவுவோனாகின்றான். கடலைமிட்டாய் செய்யும் பெண்கள் குழுவிலும் இதே நிலைதான். பாகின் பதமறிந்தவள் பின்னே தள்ளப்பட, பட்டியலைப் படிக்கத் தெரிந்தவள் தலைவியாகின்றாள். அறிவு ஓரிடத்திலும் ஏவல் வேறோரிடத்திலும் பிரிந்து நின்றால் வேலை கெடும் என்பதில் ஐயமில்லை.

ஆதலின், தேர்வின் முதல் அளவுகோல் தமிழ். 'தமிழ் எழுத்துத் தெரிகின்றது' என்பது மட்டும் போதாது. ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இல் வந்தபொழுதே தமிழ் அதில் இடம்பெற்றது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை செந்தரமாயிற்று. எனவே எழுத்துத் தெரிவது இன்று பெரிதன்று. மூன்று ஆய்வுகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, தேடல். 'கொழு' என்னும் சொல்லில் உள்ள ஒகரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைக்கலாம். எகரக் குறி, கால் என இரு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றெனவே கொள்ளல் வேண்டும் என்பது ஒருங்குறி நெறி. அந்நெறி பேணாத செயலியில் ஒருவர் எழுதிய 'கொழு' மற்றவர் தேடும்பொழுது கிட்டாது. பணி இருந்தும் இல்லாததாகிவிடும்.

இரண்டாவது, அகரவரிசை. நெடுங்கணக்கில் 'ன' இறுதி எழுத்து. ஒருங்குறி எண் வரிசையிலோ 'ந'வை அடுத்து நிற்கின்றது. 'ற'வும் 'ர'வை ஒட்டி நிற்கின்றது. புள்ளி, உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின் நிற்கின்றது. எண் வரிசையைக் கண்மூடிப் பின்பற்றும் செயலி 'அகம்' என்பதற்குப் பின்னரே 'அக்கா' என்பதனை அடுக்கும். தமிழ் அகரமுதலி முறை இதற்கு நேர்மாறானது. தமிழுக்குரிய அகரவரிசை நெறியும் தனியே வகுக்கப்பட்டுள்ளது. அதனைக் கைக்கொள்ளாமை செய்தவரின் சோம்பலே. நாற்பது உறுப்பினர் பெயரை இட்டு வரிசைப்படுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

மூன்றாவது, எழுத்தெண்ணிக்கை. 'கு' நமக்கு ஓரெழுத்து. கணினிக்கு மெய்யேறிய அகரமும் உகரக் குறியும் என இரண்டு. தலைப்புக்கு இத்தனை எழுத்தே எனக் கட்டுப்படுத்தும் செயலியில் தமிழன் பாதியிலேயே நிறுத்தப்படுவான். சிலவற்றில் புள்ளியைத் தனியே வெட்டிச் சொல்லையே சிதைக்கும். நீண்ட தமிழ்த் தலைப்பொன்றை எழுதி, அறிவிப்பு எப்படி வருகின்றது எனக் காண்க.

அடுத்த அளவுகோல் பல இயங்குதளங்களில் இயங்குதல். மணியாச்சி சந்திப்பில் மதுரையிலிருந்து வரும் இருப்புத் தடம் தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்குமாகப் பிரிகின்றது. பெட்டி எத்தடத்தில் திரும்பினாலும் ஓடுவதற்குக் கரணியம், தடத்தின் அகலம் ஒன்றாய் இருப்பதே. அகலத் தடமும் மீட்டர்த் தடமும் வேறுவேறாய் இருந்த நாளில், இரண்டும் கூடும் இடங்களில் மூட்டையை இறக்கி மறுபடி ஏற்றவேண்டியிருந்தது. குழுவிலும் இப்படித்தான். ஒருவர் விலை குறைந்த ஆண்டிராய்டுக் கைப்பேசி வைத்திருப்பார். ஒருவர் ஐபோன் வைத்திருப்பார். கணக்கெழுதும் அறையில் விண்டோசோ இலினக்சோ இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே பட்டியல் ஓடாதாயின், யாரேனும் ஒருவர் நாள்தோறும் மூட்டை சுமக்கவேண்டும். மேலும், காட்டின் நடுவே அலைவரிசை கிட்டாத இடத்திலும் பட்டியல் திறந்து, பின்னர் இணைப்புக் கிடைத்ததும் தானே ஒத்திசையவேண்டும். கைப்பேசியை வான்வழி நிலையில் வைத்து ஒரு பணியை முடித்துக் குறித்துப் பார்த்தால் இது விளங்கிவிடும். விசைக் கைப்பேசி மட்டும் உள்ளவரை விட்டுவிடவும் கூடாது; அவர்க்குரிய பணியைப் படித்துச் சொல்ல ஒருவர் குறிக்கப்படவேண்டும்.

மூன்றாம் அளவுகோல், பதிவு யாருக்கு உரியது என்பது. பெர்லின் நகரில் 2010இல் பிறந்த வுண்டர்லிசுட்டு என்னும் செயலி பலர் விரும்பியது. 2015இல் மைக்குரோசாப்டு அதனை வாங்கிற்று. 2020 மே 6இல் மூடிற்று. ஆசுட்டிரிடு என்பதனை 2013 மே மாதத்தில் யாகூ வாங்கி அவ்வாண்டு ஆகத்திலேயே நிறுத்திற்று. ஆனால் ஆசுட்டிரிடின் நிரல் கட்டற்றதாய் வெளியிடப்பட்டிருந்தமையால், அதன் வழிவந்த வேறொரு செயலி ஆண்டிராய்டில் இன்றும் வாழ்கின்றது. திரெல்லோ 2024இல் தன் விலையில்லாத் திட்டத்தில் ஒரு பணிக்களத்துக்கு 10 பேர் என வரம்பிட்டது. பன்னிரண்டு பெண்கள் கூடிய தன்னுதவிக் குழு ஒன்று அதனை நம்பியிருந்தால், இருவரை வெளியேற்றவேண்டும். அன்றேல் பணம் கட்டவேண்டும்.

வாடகைக் கருவியின் இயல்பு இதுவே. மணியாச்சிக்கு அண்மைத் துறைமுகமாகிய தூத்துக்குடியில் 1906இல் வ.உ.சிதம்பரனார் தோற்றுவித்த சுதேசிக் கப்பல் நிறுவனம் முதலில் வாடகைக் கப்பலையே ஓட்டியது. வெள்ளையர் நெருக்கியதும் கப்பலுக்குரியோர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். அதன் பின்னரே அப்பெருமகனார் மும்பை சென்று தம் நிறுவனத்துக்கெனக் கப்பல் வாங்கி வந்தார். இச்செய்தி செயலிக்கும் பொருந்தும். எல்லாரும் நிரல் எழுதவேண்டும் என்பதன்று. பதிவுகளை முழுமையாக வெளியெடுக்கும் வழியேனும் இருத்தல் வேண்டும். நாட்காட்டியையும் பணிப்பட்டியலையும் செயலிக்குச் செயலி மாற்றிக்கொள்வதற்கெனப் பொதுச் செந்தரம் 1998இலேயே வெளியாயிற்று. 2009இல் திருத்தவும் பட்டது. அச்செந்தரத்திலோ எளிய அட்டவணைக் கோப்பாகவோ பட்டியலை வெளியெடுக்கத் தராத செயலியைத் தொடவே வேண்டா.

'தமிழர் ஆக்கியதைத் தேர்ந்தால் போதாதோ?' என்பர் சிலர். 1996இல் தொடங்கி, 2011இல் தென்காசியிலும் அலுவலகம் திறந்த சோகோ நிறுவனம், சிற்றூர்ப்புற இளைஞரும் உலகுக்கு மென்பொருள் ஆக்கவல்லர் எனக் காட்டியது பெருமைக்குரியதே. ஆயினும் ஆக்கியவர் தமிழர் என்பதனால் கருவி தமிழாகிவிடாது. மேற்கூறிய ஆய்வுகள் அனைத்தையும் அதற்கும் செய்க. தேறினால் மகிழ்ந்து கொள்க. குறையிருப்பின் எழுதிக் கேட்க. அயலார் செயலியைவிட அண்மையில் உள்ளவரிடம் கேட்பது எளிது.

'புலனக் குழு ஒன்று இருக்கின்றதே' என்பார்க்கும் விடை உண்டு. வாட்சாப்பு என்னும் அப்புலனத்தில் ஏவலும் வாழ்த்தும் வம்பும் ஒரே ஓடையில் போகின்றன. காலையில் இட்ட பணி மாலைக்குள் மூழ்கிவிடும். தனியொருவர்க்கோ, கையடக்க ஏடும் எழுதுகோலும் போதுமாயின் செயலியே வேண்டா. கருவி மிகுதலால் வேலை மிகாது.

இறுதியாகத் தனித்தமிழ் அன்பர்க்கே உரிய கடமை ஒன்று உண்டு. பட்டியலைத் தமிழாக்குகின்றோம் என்று புகுந்து, உழவர் கேட்டறியாத புனைசொற்களை அடுக்குதல் கூடாது. அவ்வாறு செய்யின் ஆங்கிலத்தால் ஊமையான முதியவர் தமிழாலும் ஊமையாவார். புழுதி விதைப்பு, ஊடுழவு, களையெடுப்பு, கதிரறுப்பு என அவர் வாயில் வழங்குவன தூய தமிழ்ச்சொற்களே. கோவிற்பட்டிக்கு அணித்தான இடைசெவலில் பிறந்த கி.இராசநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். அத்தகைய சொல்வளத்திலிருந்து எடுத்துப் பணித்தலைப்புகளை அமைத்தால், அவற்றைப் பொருளுணர்த்த எவரும் வேண்டியதில்லை. இடைமுகத் தமிழாக்கத்துக்கு இடந்தரும் கட்டற்ற செயலிகளில் பள்ளி மாணவரைக் கொண்டு இச்சொற்களைச் சேர்ப்பிக்கலாம். அது விழா மேடைத் தீர்மானம் பத்தினும் மேலான தொண்டு.

குழுவொன்று செயலி தேரும்பொழுது செய்யத்தக்கது இவ்வளவே: இரண்டு மூன்று செயலிகளை ஒரு கிழமை ஓட்டிப் பார்க்க, குழுவிலேயே ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் கைப்பேசியைத் தருக, ஒரு பணியை எழுதவும் தேடவும் முடித்துக் குறிக்கவும் சொல்க. அவர் பிறர் உதவியின்றிச் செய்துவிட்டால் அச்செயலி தேறிற்று. அவர் தடுமாறின், எத்தனை விண்மீன் மதிப்பீடு பெற்றிருப்பினும் அதனைத் தள்ளுக. மண்ணறிந்தவர் தம் வாய்மொழியில் ஏவலிடவும் ஏவல் பெறவும் கூடுமாயின், அக்கைப்பேசியில் தமிழ் ஆளும் மொழியாய் அமர்ந்துவிட்டது என்க.